ஊதா மின்னினால்

மின்மினி என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். செல்போனின் நெற்றியில் எள்ளளவே இருக்கும் அறிவிப்பு விளக்கு யாருடைய சேதிக்கு எந்த நிறத்தில், எத்தனை முறை மின்ன வேண்டும் என்பதற்கு மென்பொருள் எழுதுவதுதான் அவன் வேலை. மூன்று மாத உழைப்பு. அதைப் புதிய போனிலிருந்து தூக்கிவிடலாமா என்று முடிவெடுக்கத்தான் அன்று கூட்டம். அவனுக்குத் துளியும் கலக்கமில்லை. போன வாரமே மேலாளரின் போனில் அந்த மென்பொருளை ஏற்றிக் கொடுத்திருந்தான்.

“இவ்ளோ பெரிய ஸ்கிரீன் இருக்கு. இந்த எள்ளு விளக்கு யாருக்குப்பா வேணும்?” என்றார் மேலாளர்.

“வேணுங்கிறவங்களுக்கு வேணும் சார்.”

“வியாக்கியானமெல்லாம் வேண்டாம். தூக்கிடு.”

மேசைமேல் கிடந்த அவருடைய போனில் விளக்கு ஊதாவாக மின்னியது. சத்தமில்லை, திரையும் ஒளிரவில்லை. ஐம்பது வயது மேலாளர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விருட்டென்று எழுந்து நின்றார்.

“யாரு சார்?”

“எங்கம்மா.”

“போனைத் தொடவே இல்லையே, எப்படித் தெரிஞ்சுது?”

“ஊதா அவங்களுக்குன்னு நான்தானேய்யா வச்சேன்!”

சொன்ன பிறகுதான், தன் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது அவருக்கு உறைத்தது. சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள்.

“சரி, விளக்கு இருக்கட்டும்.” போனோடு கதவுப் பக்கம் விரைந்தவர் திரும்பினார். “அந்த ஊதாவை மட்டும் கொஞ்சம் மெதுவா மின்னச் சொல்லு. அம்மாவே நேர்ல வந்து விரட்டுற மாதிரி இருக்கு.”

“விளக்கோட வேகத்தைக் குறைக்கலாம் சார்,” என்றான் மின்மினி. “அம்மாவோட வேகத்துக்கு என்கிட்ட சாஃப்ட்வேர் இல்ல.”