இங்குனின் இரண்டாவது ஸ்லைடு

1

இந்தக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் தின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. என் தம்பி மனைவி துரிட், நார்வேயில், த்ரோந்தைம் நகரத்தில் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். பெண்களின் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எது சரி, எது சரியில்லை என்று பிரிப்பவள். ஸ்லைடு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். வயதை என்றாள். பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே சொன்னதால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

2

முதல் தொடக்கம்: இங்குனுக்கு இருபத்தாறு வயது. சோதனையில் அவளுடைய செல்கள் சில இலேசாக மாறியிருந்தன. அவள் காதலன்

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். துரிட்டிடம் காட்டினேன். இந்த வயதில் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் உடம்பே சரிசெய்துகொள்ளும், கொஞ்ச காலம் விட்டு மறுபடி பார்த்தால் போதும் என்றாள். "இதுல கதை எங்க இருக்கு அண்ணி?"]

சரி என்று வயதை அறுபத்து நான்கு ஆக்கினேன். எண்ணை மட்டும் மாற்றினால் போதுமென்று நினைத்திருந்தேன். காதலன் போய், செத்துப்போன கணவன் வந்தான். பேரப்பிள்ளை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அழுகை அதிகமானதால் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன்.

3

இந்த இங்குன் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள். இந்த வயதில் நமக்கெதற்கு என்று தோழியோடு சேர்ந்து சிரித்தவள். ஒருவழியாகப் போனாள். ஸ்லைடில் சந்தேகத்துக்குரிய செல்கள்.

இங்கே கட்டுரை குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு செல்கள் மெலிந்து சுருங்கும். ஒன்றுமில்லாத செல்கூடப் புற்றின் சாயலில் தெரியும். நிஜப் புற்றும் அதே கூட்டத்தில் ஒளிந்து நிற்கும். அதனால் மருத்துவர் சில வாரங்களுக்கு உள்ளே பூச ஒரு ஹார்மோன் களிம்பு தருகிறார். வயதின் வேலைதான் என்றால் செல்கள் தேறிவிடும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். அதைச் சொல்வது களிம்புக்குப் பிறகு எடுக்கும் இரண்டாவது ஸ்லைடு.

4

முடிவு ஒன்று: செல்கள் தேறிவிட்டன. இங்குன் ஃபியோர்டுக் கடலோரமாக நடந்து [பொய் வாடை அடிக்கிறது.]

முடிவு இரண்டு: மருத்துவர் தன் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு

[கை ஓடவில்லை.]

துரிட்டிடம் எடுத்துப்போனேன். இரண்டாவது ஸ்லைடில் நீ என்ன பார்ப்பாய், அதைச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் தாள்களை மடித்து என் பக்கமே வைத்தாள்.

"நான் பாக்க மாட்டேன் அண்ணி. சொந்தக்காரங்க ஸ்லைடு வந்தா பக்கத்து மேசைக்குக் குடுத்துடுவோம். பாசம் கண்ண மறைச்சிடும்."

பிறகு, "களிம்ப ஒழுங்கா போடுறீங்கல்ல?" என்று கேட்டாள்.

நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. களிம்பு என் குளியலறை அலமாரியில், பற்பசைக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன். இனி அடிக்கப்போவதில்லை.]

5

துரிட் சொன்னது நியாயம்தான். இங்குனுக்கு நானும் சொந்தம். நீங்கள் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பது நீங்கள்தான்; ஸ்லைடை உங்கள் பக்கம் தள்ளுகிறேன்.

முதலில் வயதைப் பாருங்கள்.