இரண்டாவது வட்டம்

மெத்தைக் கடைக்கு விளம்பரம் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தது சின்னவளின் கொழுந்தன்தான். தெருமுனையில் மூன்று மாடிக் கடை ஒன்று வந்து, குளுகுளு கூடத்தில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு, படுத்துப் பாருங்கள் என்று எழுதியும் வைத்துவிட்ட பிறகு, இவர்கள் கடை வாசலில் செருப்புச் சத்தம் அடங்கிப்போயிற்று. வீட்டுக்காரர் ஃபோம் வெட்டும் மேசையில் பேப்பரை விரித்து வரி விளம்பரம் வரைக்கும் படிக்கத் தொடங்கியிருந்தார். உறை தைக்கும் தையல்காரர், தைத்ததையே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனுக்கு அதுதான் பிழைப்பு. பல் ஆஸ்பத்திரி, டிரைவிங் ஸ்கூல், கண்ணாடிக் கடை என்று நாலைந்து இடங்களுக்கு ஆன்லைனில் விளம்பரம் போட்டுக் கொடுப்பான். சொந்த அண்ணன் கடை கண்ணில் பட அவனுக்கு இத்தனை காலம் ஆயிற்று என்று சின்னவள் குத்திக் காட்டினாள். அவனும் விடவில்லை.

"அண்ணி, இப்படி ஒரு கடை இருக்குன்னு உங்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனுக்கே சில நாள் சந்தேகமாத்தான் இருக்கு."

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பேர். ஐம்பதைத் தொட்டும் அந்தப் பேர் உதிரவில்லை. அவளுக்கு மேலே ஒரு பெரியவள் இருந்தாள். பெரியவள் என்று ஒருத்தி இருக்கிற வரைக்கும் இவள் சின்னவள்தானே.

கொழுந்தன் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தினான். திரையில் ஊரின் வரைபடம் வந்தது. கடை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி; புள்ளியைச் சுற்றி நீல வட்டம். வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் போகும். அதிலும் ஆணா பெண்ணா, என்ன வயது, எதில் ஆசை உள்ளவர்கள் என்றெல்லாம் பொறுக்கி எடுக்கலாம். யார் நின்று பார்க்கிறார்கள், யார் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று அதுவே கவனித்து, நின்று பார்க்கிறவர்கள் பக்கமாகத் தானே சாயும். சின்னவள் எதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவள். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள்: இன்ன ஊரு, இன்ன தெரு, இன்ன வயசு என்று ஒரே ஒருத்தியைச் சொன்னால் அவளுக்கு மட்டும் காட்டுமா?

கொழுந்தன் சிரித்தான். "ஒரு ஆளுக்குக் காட்டறதுக்குப் பேரு விளம்பரம் இல்ல அண்ணி. போன் பண்றது."

அவள் சிரிக்கவில்லை. போன் பண்ணிப் பார்க்காமலா இருப்பாள்? அடைத்து வைத்த எண்ணுக்கு எத்தனை தரம் அடித்தால் என்ன.

அக்காவுக்கும் தங்கைக்கும் சொத்துச் சண்டை கிடையாது, வாய்ச்சண்டைகூடக் கிடையாது. அம்மா போன பிறகு, அக்கா தன் ஊருக்குப் போய் லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள், சின்னவள் அம்மாவின் அறையைக் காலி செய்துவிட்டாள். கட்டில் ஒரு வீட்டுக்கு, துணிமணி ஒரு வீட்டுக்கு, மெத்தை குப்பை வண்டிக்கு. அந்த அறையைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கூப்பிட்டதுபோல நின்றுவிட்டாள்; அதனால் செய்தாள். கை ஓய்ந்தால் அழுகை வந்துவிடும் என்று தரையையும் கழுவிவிட்டாள். அக்கா பையோடு வந்து நின்று, ஈரம் காயாத வெறும் தரையைப் பார்த்தாள். "ஒரு ராத்திரி அம்மா இடத்துல படுத்துக்கலாம்னு வந்தேன்டி" என்றாள். அவ்வளவுதான். பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனாள். போனவள் போனவள்தான். வீடு மாறினாள், எண்ணை அடைத்தாள். ரயில் பாலத்துப் பக்கம் குடியிருக்கிறாள் என்பது மட்டும் சித்தி மகன் வழியாகக் காதில் விழுந்தது.

முதல் விளம்பரத்துக்குச் சின்னவள் மெத்தைக்குப் பக்கத்தில் விறைத்து நின்று, உயரம் இவ்வளவு, உத்தரவாதம் இவ்வளவு என்று ஒப்பித்தாள். பார்த்தவர்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. விலையை விட்டுவிட்டு ஏதாவது ஒரு விஷயம் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றான் கொழுந்தன். அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். படமெடுக்கும் போனில் பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தாள். பிறகு யாரையோ பார்ப்பதுபோலப் பேசத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுல நானும் எங்க அக்காவும் ஒரே மெத்தை. பழசு. நடுவுல குழி விழுந்துருச்சு. ஆளுக்கொரு ஓரத்துல படுப்போம், விடிஞ்சு பார்த்தா ரெண்டு பேரும் குழிக்குள்ள கிடப்போம். அவ என்னை உதைப்பா, நான் அவளை உதைப்பேன். நல்ல மெத்தைன்னா அப்படிக் குழி விழக்கூடாது." இங்கே நிறுத்தினாள். "எங்ககிட்ட வாங்குற மெத்தை குழி விழாது. அது நல்லதுதானேன்னு நீங்க சொல்லுவீங்க."

கடைசி வரியை வெட்டிவிடலாமா என்று கொழுந்தன் யோசித்தான். பிறகு வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது.

அடுத்த நாள் மதியம், வீட்டுக்காரர் ஃபோம் மூட்டை மேல் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்தில், சின்னவள் வரைபடத்தைத் திறந்தாள். கடையைச் சுற்றியிருந்த வட்டத்தை அப்படியே விட்டாள். விரலால் தள்ளித் தள்ளி, ஆற்றைத் தாண்டி, மலையைத் தாண்டி, அக்காவின் ஊருக்குப் போனாள். ரயில் பாலம் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டாவது வட்டத்தைப் போட்டாள். பெண்கள். வயது ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்திநாலு. ஆசைகள் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு எதில் ஆசை? குறுக்கெழுத்துப் போடுவாள், பூனை வளர்ப்பாள், பழைய பாட்டுக் கேட்பாள். இப்போதும் கேட்கிறாளா? தெரிந்ததைப் போட்டாள்.

நீங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மிகவும் குறைவு, விளம்பரத்தைக் காட்ட இயலாது என்றது திரை. பாட்டை எடுத்தாள். போதாது என்றது. பூனையை எடுத்தாள். குறுக்கெழுத்தையும் எடுத்து, வயதையும் தளர்த்தி, வட்டத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது. அக்கா அக்காவாக இருந்த அடையாளமெல்லாம் போய், ஒரு பேட்டையில் உள்ள நடுவயதுப் பெண்கள் அத்தனை பேரும் மிஞ்சினார்கள். போகட்டும், அந்தக் கூட்டத்துக்குள்ளே அவளும் இருப்பாள்.

அதற்குப் பிறகு சின்னவளுக்குப் போன்தான் பிழைப்பு. பார்த்தவர்கள், கடைசிவரை பார்த்தவர்கள், கமெண்ட் போட்டவர்கள் என்று எண்கள் ஏறின. ஒவ்வொரு கமெண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். அந்த ஊர்ப் பெண்கள் மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் அக்கா தங்கைகளைப் பற்றித்தான் எழுதினார்கள். என் தங்கை போர்வையை இழுப்பாள். என் அக்கா தூக்கத்தில் கணக்குச் சொல்வாள். ஒருத்தி முகத்துக்குப் பதில் பாதி திறந்த ஜன்னல் படம் வைத்திருந்தாள். எழுதியது ஒரே வரி: பார்த்தேன், மனசு என்னவோ செய்கிறது. சின்னவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அக்காதான், அக்கா இப்படித்தான் அளந்து எழுதுவாள் என்று தோன்றிவிட்டது. பதில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் அந்த ஜன்னல் பேசியது. அது ஒரு ஸ்பிரிங் கம்பெனி ஏஜென்ட். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி உண்டாம்.

இன்னொரு எண்ணும் இருந்தது. இந்த விளம்பரத்தை இனிக் காட்டாதே என்று மறைத்தவர்கள். அது மெல்ல மெல்லத்தான் ஏறும். ஆனால் ஒன்று ஏறினாலும் சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உடனே திருப்பிப் பார்ப்பாள். யார் மறைத்தது என்று அந்த இயந்திரம் சொல்லாது. என் மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியது அவளா, வேறு எவளோவா? வீட்டுக் கதவாக இருந்தால் சத்தத்தை வைத்தாவது கண்டுபிடித்துவிடலாம்.

கொழுந்தன் கண்டுபிடிப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. அந்தப் பெண்கள் நின்று நின்று பார்க்க, இயந்திரம் கடைப் பக்கத்து வட்டத்தைக் கைவிட்டு முழுசாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளூரில் ஒரு ஈ காக்காய்க்குக்கூட விளம்பரம் போகவில்லை. அவன் மடிக்கணினியை மேசையில் வைத்துக் கேட்டான்.

"அண்ணி, இந்த வட்டம் யாரு போட்டது?"

"நான்தான்."

"தெரியாம கை பட்டுருச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

அந்த ஊருக்கு ஒரு மெத்தையை அனுப்பி வைத்தால் வண்டிச் செலவிலேயே கடை முழுகிவிடும், இதற்குப் பேசாமல் கடையைப் பூட்டிவிட்டு மூன்று மாடிக் கடையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அவன் மூச்சுவிடாமல் பொரிந்தான். அவள் மறுத்துப் பேசவில்லை. ரயில் பாலத்தைக் காட்டினாள். அங்கே யார் இருக்கிறாள் என்று சொன்னாள். கொழுந்தன் மடிக்கணினியைப் பாதி மூடினான். நேரே போய் நிற்க வேண்டியதுதானே அண்ணி என்றான், குரலைத் தாழ்த்தி. போய் நின்றால் கதவைத் திறந்தாக வேண்டும் என்று அவளுக்கு ஆகிவிடும், கட்டாயத்தில் திறக்கிற கதவு எனக்கு வேண்டாம் என்றாள் சின்னவள்.

வீட்டுக்காரர் ஃபோமிலிருந்து கத்தியை எடுக்காமலே சொன்னார்: "ஓடட்டும்டா அது."

"எவ்வளவு நாளைக்குண்ணே?"

"அவங்க பார்க்கற வரைக்கும்."

அவர் ஒரு மாதத்தில் பேசுவதை அன்றைக்கு ஒரே மூச்சில் பேசிவிட்டார். கொழுந்தன் உள்ளூருக்குத் தனியாக ஒரு விளம்பரம் போட்டு, அதற்கொரு தொகையைப் பிரித்து வைத்தான். இரண்டாவது வட்டத்தைத் தொடவில்லை.

ஆர்டர் வந்தது ஒரு காலை நேரத்தில், கடை பெருக்கிக்கொண்டிருக்கும்போது. படிவத்தில் பேர் என்ற இடத்தில் ஒற்றை எழுத்து. டபுள் மெத்தை. விலாசம் ரயில் பாலத்துத் தெரு, மூன்றாவது மாடி. எண் புதிது. அந்த ஒற்றை எழுத்து அக்கா பேரின் முதல் எழுத்துதான். ஆனால் அந்த எழுத்தில் தொடங்கும் பேர் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. ஜன்னல்காரியிடம் சூடு பட்டவள் என்பதால் சின்னவள் மனசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெத்தை தைப்பதற்கு முன்னால் வாங்குகிறவரைக் கூப்பிட்டு, படுக்கிற பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடை வழக்கம். அவள் எண்ணை அடித்தாள். மறுபக்கம் எடுத்தார்கள். பின்னால் ரயில் போகிற சத்தம் வந்து, ஓய்ந்தது.

"மெத்தைக் கடையிலேருந்து பேசறேங்க. நீங்க ஆர்டர் குடுத்திருந்தீங்க."

"ஆமா. சொல்லுங்க."

சின்னவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே குரல். அக்கா என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் போன் வைக்கப்பட்டுவிடுமோ என்ற பயம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. சொல்லுங்க என்றுதானே சொன்னாள். சொல்லுடி என்று சொல்லவில்லையே.

"எத்தனை பேருங்க படுக்கறது?"

"ஒருத்திதான்."

"டபுள் கேட்டிருக்கீங்களே."

"யாராவது வந்தா?"

சின்னவள் தலையாட்டினாள், போனில் தலையாட்டுவது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. சரிங்க என்றாள். இடுப்பு வலி, முதுகு வலி ஏதாவது உண்டா என்று கேட்டாள். இருக்கிறது, படி ஏறினால் இடது பக்கம் பிடித்துக்கொள்கிறது, நாள்பட்டது என்று பதில் வந்தது. இது எனக்குத் தெரியாதே, எண்ணெய் தேய்த்துவிட யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. வாய் மட்டும், அப்படியானால் அடியில் தேங்காய் நார் வைத்து மேலே மெத்தென்று ஃபோம் போடுகிறோம் என்று தொழில் பேசியது. கட்டில் உயரம், அறையில் காற்று எப்படி என்று கேட்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோயிற்று. இன்னும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க முடியாதா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது மறுபக்கம்.

"கேளுங்க."

"அந்த விளம்பரத்துல வர்றாங்களே. ரொம்ப இளைச்சுத் தெரியறாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சின்னவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மறுபக்கம் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்காங்க. சாப்பாடுதான் சரியா இறங்கறதில்லையாம்."

"சாப்பிடச் சொல்லுங்க."

"சொல்றேங்க."

மெத்தை எப்போது வரும் என்று கேட்டாள் அக்கா. தைத்ததும் வரும் என்றாள் தங்கை. மதியத்தில் வேண்டாம், காலையில் வந்தால் நல்லது, தான் வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லி, காலையில்தான் என்று இன்னொரு தரமும் சொல்லிவிட்டு, மறுபக்கம் வைத்துவிட்டது.

கொழுந்தன் வந்தபோது வீட்டுக்காரர் நாரை அளந்துகொண்டிருந்தார். தையல்காரர் உறைத் துணியை விரித்திருந்தார். ஆர்டர்தான் வந்துவிட்டதே, அந்த வட்டத்தை எடுத்துவிடலாமா என்று கொழுந்தன் கேட்டான். மெத்தை போய்ச் சேருகிற வரைக்கும் இருக்கட்டும் என்றாள் சின்னவள். நான் இங்கே இருக்கும்போது அங்கே என் முகமாவது போய்க்கொண்டிருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்ல நினைத்து, கொழுந்தனிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினாள்.

"வண்டியில நான் வர்றேன்."

"முன்னாடி ஓட்டற என்னையும் சேர்த்து ரெண்டு பேருக்குத்தான் இடம். நீ வந்தா தையல்காரர் வர முடியாது. மூணாவது மாடி. மெத்தையை யாரு ஏத்தறது?"

"ஒரு பக்கம் நான் புடிக்கறேன்" என்றாள் சின்னவள்.