ஆனந்தராஜா வருடம்

1987 சித்திரை வருடப்பிறப்பன்று, இறந்து ஐந்நூறு வருடமான மெய்தெய் அரசர் ஒருவர் மணிப்பூரிலிருந்து வந்து, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஆனந்தராஜாவின் வீட்டுப் பின்னறையில் குடியேறினார். அறை வாடகைக்கு என்று கடையில் துண்டு ஒட்டியிருந்தபடியால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் பேச்சு எல்லோருக்கும் விளங்கியது. அகதி விண்ணப்பத்துக்கு வந்த ஹோம் ஆபீஸ் கடிதங்கள்தான் விளங்காமல் கிடந்தன. ஒரு கிழமைக்குள் ஆட்சி தொடங்கிவிட்டது. தன் நாட்டில் குலத்துக்கொரு வேலை வகுத்ததுபோல, மாடியில் இருந்தவர்களுக்குச் சமையலறைத் துப்புரவு, கீழே இருந்தவர்களுக்குக் குளியலறைத் துப்புரவு என்று பிரித்துக் கொடுத்தார். இரண்டு வருடச் சண்டை அன்றோடு ஓய்ந்தது.

அவருடைய அடுத்த சீர்திருத்தம் கொஞ்சம் பாரமானது. வருடப்பிறப்பன்று ஓர் ஆள் எழுந்து, எல்லோருக்கும் வரப்போகும் கேடு என் தலையில் என்று ஏற்க வேண்டும். அந்த வருடத்துக்கு அவன் பெயரையே வைப்பார்கள். முதலில் ஏற்றவன் மாடியில் இருந்த பெனடிக்ற். வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. பன்னிரண்டு பேரின் தடிமனும் அவனுக்கே வந்தது, பஸ்கள் அவனைக் கண்டால் நிற்காமல் போயின. அடுத்த சித்திரையில் சுகமாகிவிட்டான். பிறகு முறை வைத்து ஏற்றார்கள். பிரபவ, விபவ எல்லாம் மறந்து, பெனடிக்ற் வருடம், பாலேந்திரா வருடம் என்றே பேசினார்கள்.

1995இல் ஆனந்தராஜாவின் முறை. யார் யாருடைய கேடு என்று அரசர் பெயர் கேட்டார். அதுவரை பட்டியல் எழுதியவன் பெனடிக்ற். தேவாலயம் போகும் வேதக்காரன், வீட்டார் பெயரோடு நிறுத்திவிடுவான். அன்று அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். ஆனந்தராஜாவின் மனைவி பாலாம்பிகை எழுதினாள். யாழ்ப்பாணத்தாரிடம் பெயர் கேட்டால் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலத்தானே வரும்! நட்சத்திரத்தோடு தன் பெயர், வீட்டார், ஊரிலிருந்த தங்கை லலிதா, அவள் பிள்ளைகள், பக்கத்து வளவு, ஒழுங்கை, கடைசியில் ஊர் முழுவதும் எழுதி முடித்தாள்.

ஐப்பசியில் ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தது. லலிதா பிள்ளைகளோடு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தாள். காலில் ஒரு கொப்புளமும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் ஆனந்தராஜாவின் உள்ளங்கால்கள் வெடித்தன. முதுகிலிருந்து ஷெல் துண்டுகளை எடுத்த டாக்டர், இரும்புப் பட்டறையில் வேலையா என்று கேட்டார். பாரம் தாங்காமல் கட்டில் இரண்டு தரம் முறிந்தது. சித்திரை வரை தாங்கினால் தப்புவார். பெயர்களை வெட்டினால் பாரம் குறையும் என்றார் அரசர்.

பாலாம்பிகை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள், நெஞ்சு நோகவில்லை. சோறு இறங்கியது, நித்திரையும் வந்தது. தன் துக்கத்தையும் அவர்தான் சுமக்கிறார் என்பது மாசியில் ஒரு நாள் புண்ணுக்கு மருந்து கட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேனையை எடுத்தாள்.

"லலிதாவை வெட்டிப்போடாதையும். என்னாலை ஏலும்," என்றார் ஆனந்தராஜா.

"ஓமப்பா, அவளை வெட்டேல்லை."

தன் பெயரை வெட்டினாள். பத்து மாதத்து அழுகை அப்படியே வந்து விழுந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழறினாள். ஆனந்தராஜா பல கிழமைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் லேசாக் கிடக்கு," என்றார்.

சித்திரைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் இறந்தார். செத்தவீட்டில், பட்டியலில் இருந்த வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்றார்கள், ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. பாலாம்பிகை தனியாக அழுதாள். அவர்களை அவள் பிழையாக நினைக்கவில்லை.