ஆல்சேயின் இரட்டை வால்

செத்துப்போனவனோடு சண்டை போட முடியாது என்பதுதான் நெசிமின் பெரிய கஷ்டம். உயிரோடு இருக்கிறவன் என்றால் சனிக்கிழமை நடனத்தில் ஏதாவது சாக்கு வைத்துச் சட்டையைப் பிடிக்கலாம். ஆல்சேயோ கல்லறையில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டு, தன் பெருமையை மட்டும் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டுப் போயிருந்தான்.

அந்தப் பெருமைக்கு இரண்டு வால். ஆள் நீளத்துக்குப் பாடம் பண்ணிய முதலை. இடுப்புவரை எல்லா முதலையையும் போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு கவட்டைக் கம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து இரண்டு வாலாகப் போகும். பாயூ மெர்சியே ஓடைக்கரையில் காரை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். கண்ணாடிக் கண் வைத்த முதலைத் தலைகள், பல் கோத்த சங்கிலிகள், முதுகு சொறிய நகத்தோடு கூடிய முன்னங்கால், முதலை வயிற்றை அறுத்தபோது கிடைத்த நாய்க் கழுத்துப்பட்டை, யாரோ தொலைத்த பல்செட்டின் மேல்வரிசை, எல்லாவற்றையும் தாண்டி அவர்கள் கழுத்து மேலே போகும். வாய் திறக்கும். உடனே லூடிவீன் ஆரம்பிப்பாள்: "அதுவா? அது ஆல்சே புடிச்சது."

லூடிவீன் முன்பு ஆல்சேயின் மனைவி. இப்போது நெசிமின் மனைவி. ஆனால் வாசல் பலகையில் இன்னும் 'ஆல்சே கடை' என்றுதான் இருந்தது. பெயிண்ட் நன்றாக இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று லூடிவீன் கேட்பாள். அது நியாயமான கேள்விதான். நெசிமுக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவன் தலை வைத்த தலையணை ஆல்சேயுடையது. அவன் காப்பி குடிக்கிற கோப்பை ஆல்சேயுடையது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். அந்த இரண்டு வாலை மட்டும் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் தன் கையால் பிடித்த ஒன்று தொங்கினால்தான் இந்தக் கடையும் இந்தப் பெண்பிள்ளையும் தனக்கென்று ஆகும் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது.

போன செப்டம்பர் வேட்டையில் அவனுக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. அழுகின கோழி மாட்டிய தூண்டிலில் ஒரு முதலை விழுந்தது. இழுத்துப் படகில் போட்டால், வால் இல்லை. யாரும் கடித்துத் தின்னவில்லை, வெட்டுப்படவில்லை, பிறவியிலேயே இல்லை. பின்கால்களோடு உருண்டையாக முடிந்துவிட்டது. நாற்பது வருஷமாக ஓடையில் திரிந்தவர்கள்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்கள்.

ஆனால் டேக் மாட்டும்போது சிக்கல் வந்தது. பிடிக்கிற ஒவ்வொரு முதலைக்கும் அரசாங்கம் எண் போட்டுக் கொடுக்கும் டேக் ஒன்றை அங்கேயே பூட்டியாக வேண்டும். வால் நுனிக்குக் கொஞ்சம் மேலே கத்தியால் கீறி, அதில் கோத்துப் பூட்டுவார்கள். இதற்கு எங்கே கீறுவது? வனக்காவலர் வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, கடைசியில் பின்காலில் பூட்டச் சொன்னார். இந்தக் கதை ஊர் பூராவும் பரவிவிட்டது. ஆல்சேயின் பழைய கூட்டாளி ஃபெலிசியன் அதைச் சும்மா விடுவானா?

"என்னய்யா நெசிம், அவனுக்கு ரெண்டு இருந்துச்சு, உனக்கு ஒன்னுகூட இல்லியாமே? பாவம் லூடிவீன்!" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தமாகக் கேட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லூடிவீனும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

நெசிம் வேலையில் இறங்கினான். தோலை உரித்து உப்பில் புதைத்தான், வெண்காரம் தடவினான், கம்பியால் எலும்புக்கூடு கட்டி, சைப்ரஸ் மரத்தில் தொங்கும் பாசியைக் காயவைத்து அடைத்தான். வயிற்றை லூடிவீன்தான் தைத்தாள். கடையில் எந்த முதலைக்கும் தையல் அவள் கைதான். கண் வைத்து, வார்னிஷ் பூசி முடித்தபோது அது உயிரோடு முறைப்பது போல இருந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள் லூடிவீன். தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரத்தில், மிளகாய்ச் சாறு பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்கியா?"

"பின்ன எங்க வைக்கிறது?"

நெசிம் கண் கல்லாவுக்கு மேலே போனது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அதை யாரும் தொடக் கூடாது. தூசிகூட நான்தான் தட்டுவேன், உனக்குத் தெரியும்ல?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நெசிமுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதாவது, பிடித்துக்கொண்டதாகச் சொன்னான். லூடிவீன் தனியாக மாதா கோயில் பூசைக்குப் போனாள். அவள் கார் பாலத்தைத் தாண்டிய சத்தம் கேட்டதும் ஏணியை எடுத்தான். அவள் திரும்பி வரும்போது அவனுடைய வாலில்லா முதலை மேலே தொங்கும். வந்து என்ன வேண்டுமானாலும் கத்தட்டும்.

ஆல்சேயின் முதலையைப் பலகையோடு இறக்கி, மேசையில் கவிழ்த்துப் போட்டான். இடது வால் நுனியில் ஆல்சேயின் டேக் இன்னும் தொங்கியது. அதையும் பெருமைக்கென்று விட்டு வைத்திருந்தான் படுபாவி. வலது வாலின் அடிப்பக்கத்தில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. நெசிம் விரலால் நெருடினான். ஆகஸ்ட் வெக்கையில் இளகிப் போயிருந்த மெழுகுத் துண்டு ஒன்று கையோடு வந்தது. அதற்குக் கீழே ஒரு கத்திக் கீறல்.

நுனிக்குக் கொஞ்சம் மேலே, குறுக்காக, சுத்தமாக.

வேறு யாராவது பார்த்திருந்தால் பூச்சி அரித்தது என்று நினைத்திருப்பார்கள். வால் இல்லாத முதலைக்கு எங்கே டேக் மாட்டுவதென்று ஒரு வருஷமாக ஊர் கேலியைத் தின்றவனுக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா? ஒரு முதலைக்கு ஒரு டேக். ஒரு டேக்குக்கு ஒரு கீறல். இரண்டு வாலிலும் கீறல் இருந்தால் முதலையும் இரண்டு.

"திருட்டுப் பயலே!" என்று நெசிம் வாய்விட்டுக் கத்தினான். இத்தனை காலத்தில் அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. சாயங்காலம் ஊரே கடைக்குக் காப்பி குடிக்க வரும். மேசையில் பரப்பி வைத்து, ஃபெலிசியனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கத்தியை எடுத்து, வலது வால் வந்து சேரும் இடத்தில் செதிலுக்கு அடியில் ஒளிந்திருந்த தையலைப் பிரித்தான். பாசி கொட்டியது. வால் தனியாகக் கையில் வந்தது. தோலைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்தான்.

நாலு தையல் முன்னால், ஒன்று பின்னால், ஒரு முடிச்சு. மறுபடி நாலு, ஒன்று, முடிச்சு.

நெசிம் தன் சட்டைக் கையைப் பார்த்தான். போன மாசம் கிழிந்து லூடிவீன் தைத்துக் கொடுத்த இடம். நாலு முன்னால், ஒன்று பின்னால், ஒரு முடிச்சு. ஆல்சேயின் மானத்தை வாங்கலாம் என்று பார்த்தால் அவனோடு சேர்ந்து அவள் மானமும் போகும். அவன் கத்தியை மேசையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பிரசங்கம் முடியும் முன்னமே நழுவி வருகிற பழக்கம் ஃபெலிசியனுக்கு உண்டு. அன்றைக்கும் அப்படித்தான் வாசலில் வந்து நின்றான். "அடப்பாவி! என்னத்தைய்யா செஞ்ச?"

நெசிம் கையில் வால். எதிரில் ஃபெலிசியன். இந்த நாளுக்காகத்தான் அவன் காத்துக் கிடந்தான். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"எலி கடிச்சிருச்சு," என்றான். "திருப்பித் தைக்கணும்."

"எலியா! ஆல்சே இருந்தா இந்தக் கடைக்குள்ள எலி நுழையுமா? அவன் இத கரையேத்தின அன்னிக்கு நான் இருந்திருக்கணும். தனியாப் போயி, தனியா இழுத்துட்டு வந்தான்யா. அது மனுஷன்!"

நெசிம் கேட்டுக்கொண்டிருந்தான். வேறென்ன செய்வது?

அதற்குள் லூடிவீன் வந்துவிட்டாள். மேசையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், நெசிமின் முகத்தைப் பார்த்தாள். தலையில் இருந்த தொப்பியை மெதுவாகக் கழற்றி வைத்தாள். "ஃபெலிசியன், பின்கட்டுல போயி கொட்டைய வறுத்து, அரைச்சு, காப்பி போடு. நீ போட்டாத்தான் திக்கா இருக்கும்." ஃபெலிசியன் பூரித்துப்போய் உள்ளே போனான்.

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லியிருக்கேன்," என்றான் நெசிம் தாழ்ந்த குரலில்.

"வாசல்லயே கேட்டுச்சு. எலி கத்தி வேற புடிச்சுதாக்கும்?"

"இது நீ தைச்சது."

"ஆமா."

"ஆல்சேக்குத் தெரியாமயா?"

"தெரியாம எப்படி? வால புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்ததே அவன்தான." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெட்டை வால் முதலைய பாத்தேன்னு குடிச்சிட்டு எங்கயோ ஒளறிட்டான். ஊரே கேலி பண்ணிச்சு. வெளிய தலை காட்ட மாட்டேன்னு கெடந்தான். அந்த வாரம் பூரா மழை வேற. ரெண்டு முதலைய சமையக்கட்டு மேசையில போட்டு நாங்க ரெண்டு பேரும் தைச்சோம். மாட்டினதுக்கு அப்புறம்தான் அந்தக் கீறல் ஞாபகம் வந்துச்சு. கோயில் மெழுகுவத்திய உருக்கி ஊத்தினோம். சிரிச்சு சிரிச்சு நான் ஊசிய கையில குத்திக்கிட்டேன்."

சொல்லும்போதே அவள் முகம் எங்கேயோ போய்விட்டு வந்தது. ஆல்சே வீரன் என்று நினைத்திருந்தவரை நெசிமுக்கு இருந்தது ஒரு மாதிரிப் பொறாமை. ஆல்சே புளுகன், அந்தப் புளுகுக்காக இவள் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள் என்று தெரிந்த பிறகு வந்தது அதைவிட மோசமான பொறாமை. நெசிமிடம் அவள் அன்பாகத்தான் இருக்கிறாள். ஊசி குத்திக்கொள்ளும் அளவுக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை.

"எனக்காக நீ ஒரு பொய்கூடச் சொன்னதில்ல," என்றான்.

"உன் முதலைக்கு நெசமாவே வால் இல்லையேய்யா. அதுக்கு நான் என்னத்தைத் தைக்கிறது?"

அவள் ஊசியில் மெழுகு நூலைக் கோத்தாள். "புடி," என்றாள். ஆல்சே பிடித்த வாலை நெசிம் பிடித்துக்கொண்டான். பிடிக்கப் பிடிக்கத்தான் வயிற்றெரிச்சல் இன்னும் ஏறியது. நாலு முன்னால், ஒன்று பின்னால், முடிச்சு.

கீறலை அடைக்கிற வேலையை அவன் அவளைத் தொட விடவில்லை. தேன்மெழுகில் விளக்குக் கரியும் செதில் பொடியும் கலந்து, குழைத்து வைத்து, அது ஆறும் முன்னே வேறொரு தோலின் செதிலை மேலே வைத்து அழுத்தி எடுத்தான். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. லூடிவீன் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள், விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தாள்.

"ஆல்சேக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது," என்றாள். "உன் கை வேற கை."

எத்தனையோ நாளாக அவன் கேட்கத் தவித்த வார்த்தை. கடைசியில் வந்தேவிட்டது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத காரியத்துக்காக வந்தது.

முதலையைப் பழைய ஆணியில் மாட்டி ஏணியை விட்டு இறங்கும்போது ஃபெலிசியன் காப்பியோடு வந்தான். அண்ணாந்து பார்த்தான். ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். "பாத்தியாய்யா ஆல்சேயோட கைவேலைய! எலி கடிச்சும் ஒரு தழும்பு தெரியுதா? நீயும்தான் இருக்கியே, ஒரு வாலுக்கு வழியில்லாம!"

நெசிமுக்குக் காது சிவந்தது. வாயைத் திறந்தான். கோப்பைக்கு மேலே லூடிவீனின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமாய்யா," என்றான் ரொம்பப் பவ்யமாக. "ஆல்சே மாதிரி வருமா?"

லூடிவீனுக்குக் காப்பி புரையேறியது. கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, காப்பி பாவாடையில் சிந்தியது, நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து நெசிமும் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்ன? நான் என்ன சொல்லிட்டேன்? நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று ஃபெலிசியன் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

கல்லறை அங்கிருந்து ஒன்றும் தூரமில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அந்தச் சிரிப்பு அங்கே படுத்திருக்கிறவன் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று நெசிம் மனதார ஆசைப்பட்டான்.