பேரிக்கட்டைக்குள் ஒரு குப்பி ரோஜா

ரோஜா எண்ணெய் குளிரில் உறைந்துவிடும். குப்பிக்குள் ஊசி ஊசியாய், கண்ணாடியில் புல் முளைத்த மாதிரி நிற்கும். அதை நெருப்பில் காட்டி இளக்கக் கூடாது. அக்குளில் வைத்து உடம்புச் சூட்டில்தான் இளக்க வேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முழுக்க நான் இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். ஒற்றைக் கையால் முற்றத்துப் பனியைத் தள்ளினேன், கோழிகளுக்குத் தீனி வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்தோய்னா அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தபின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

"என்ன தம்பி ராங்கெல், இறக்கை ஒடிஞ்சுபோச்சா?"

"முட்டை அடைகாக்குறேன் அக்கா."

"நல்லாப் பொரிக்கட்டும். சேவலாப் பாத்துக் குடு. என்னோடதுக்கு வயசாயிருச்சு."

உள்ளே இருந்தது என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே வேலியைத் தாண்டி வந்து பிடுங்கியிருப்பாள்.

நான் ரோஜா எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். மே மாதம் விடியும் முன்னே பூ மூட்டைகள் வந்து இறங்கும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் செம்பு அண்டாக்களில் அத்தனையையும் கொட்டி, நீராவியை ஏற்றுவோம். ஒரு வண்டிப் பூ உள்ளே போனால் வெளியே வரும் எண்ணெய் ஒரு மிடறு கூடத் தேறாது. பூவெல்லாம் எங்கே போயிற்று என்று முதல் வருஷம் நான் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கீழே வெந்த சக்கைதான் கிடந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு மிடறைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையாய்த் தொப்பியைக் கழற்றத் தோன்றும்.

ஆனால் ஒன்று. எனக்கு ரோஜா மணக்காது. புகை மணக்கும், சாராயம் மணக்கும், ரோஜா மட்டும் மணக்காது. ஆலையில் நாள்பட்டவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். தினமும் முகத்தில் வந்து மோதுவதை மூக்கு கணக்கில் எடுப்பதை விட்டுவிடுகிறது.

என் மனைவி யோவ்காவின் கதை வேறு. அவளுக்கு எதுவுமே மணக்காது. முந்தின குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்னால் அவள் முற்றத்தில் துணி காயப்போட்டபடியே, "ரொட்டி வெந்துருச்சு, எடு" என்பாள். நான் வேலைவிட்டு வந்து கதவைத் திறந்ததும், எந்தக் கடையில் நின்று யாரோடு குடித்தேன் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். இப்போது பால் தீய்ந்து சட்டி கறுத்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு முறை குளிப்பாள். "என் மேல ஏதாச்சும் நாறுதா? பொய் சொல்லாம சொல்லு" என்று கேட்பாள். யாராவது பக்கத்தில் வந்தால் ஓர் அடி பின்னால் போவாள். அப்படிப் பின்னால் போவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்காது.

நகரத்து டாக்டர் நாலு சின்ன குப்பி கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த மணத்தை மனசால் தேட வேண்டும், மூக்கு மறந்ததை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும் என்றார். ஆலையில் சொன்னதும் மேஸ்திரி பென்கோ சிரித்தான்.

"மத்த மூணையும் தூக்கி எறி. ரோஜாவால ஆகாதது கிராம்பால ஆகப்போகுதா?"

இந்தப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். அவள் ரோஜாவை மட்டுமே முகர்ந்தாள். வசந்தம் போனது, கோடை போனது. ஒரு நாள் குப்பியை மூடி இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

பண்டிகை நெருங்கும்போது அவள் ஒரு பேச்சை எடுத்தாள்.

"இந்த வருஷம் மின்கோவுக்குத் தட்டு வைக்கல."

மின்கோ அவள் தம்பி. லாரி ஓட்டியவன், மலைப் பாதையில் விபத்தில் செத்துப்போனவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில், செத்துப்போனவர்களுக்கும் சேர்த்துத்தான் மேஜை போடுவோம்; மின்கோவுக்கு ஓரம் உடைந்த நீலத் தட்டு. சாம்பிராணி காட்டும்போது வருடா வருடம் யோவ்கா தலையைத் தூக்கி, "வந்துட்டான்" என்பாள். எப்படித் தெரியும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

"ஏன் புள்ள, என்ன குத்தம் பண்ணான் அவன்?"

"வர்றவங்களுக்கு வாசனைதான் சாப்பாடு. ரொட்டி ஆவியும் சாம்பிராணியும்தான். அது எனக்கே தெரியலன்னா, அவன் வந்தானா பசியோட போனானான்னு நான் எத வெச்சுக் கண்டேன்? தெரியாம வெறும் தட்ட வெச்சுட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

பருவம் முடிந்ததும் பென்கோ எனக்குக் கொடுத்த ரோஜா எண்ணெய்க் குப்பி ஒன்று பெட்டிக்கு அடியில் இருந்தது. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

பண்டிகை இரவு அடுப்பில் எரிக்கப் பேரிமரக் கட்டை ஒன்றை முந்தின மாதமே பார்த்து வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து, வழக்கப்படி அதன் நடுவில் விரல் போகும் அளவுக்குத் துளை போட்டேன். அந்தத் துளையில் வைன் ஊற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சாம்பிராணி போட்டு, மெழுகால் அடைப்போம். அப்படி அடைத்த கட்டை விடிய விடிய அடுப்பில் எரிய வேண்டும். எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய்தான். நான் வைனை ஊற்றிவிட்டு, அக்குளில் இருந்த குப்பியை எடுத்தேன். ஊசிகள் எல்லாம் கரைந்து பொன்னிறமாய் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். பிறகு இன்னொன்று. பிறகு முழுவதையும் கவிழ்த்துவிட்டேன்.

"அடப்பாவி."

ஸ்தோய்னா அக்கா வாசலில் நின்றிருந்தாள். கையில் அவித்த பயறுச் சட்டி.

"அதுதானா நீ அடைகாத்த முட்டை? கோயில்ல கூட அவ்வளவு எண்ணெய நெருப்புல ஊத்தமாட்டாங்க. ஒரு கல்யாணத்துக்கே மணக்க வைக்கலாம் அத."

"யோவ்காவுக்குத்தான் அக்கா."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். நான் துளையில் மெழுகை அடைப்பதைக் குனிந்து பார்த்தாள்.

"மெழுக நல்லா அழுத்து. சந்து இருக்கு பாரு அங்க."

கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பிறக்கப்போகும் கிறிஸ்து பாலனைத்தான் இளைய கடவுள் என்போம். வீட்டுக்காரன் வெளியே நின்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் கட்டை வாசலைத் தாண்டும்.

"இளைய கடவுளைப் போற்றுறீங்களா?"

யோவ்கா ரொட்டியின் மேல் சிலுவை கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மறுபடி கேட்டேன். கத்தி மாவில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் எனக்குப் பின்னாலிருந்து ஸ்தோய்னா அக்காதான் பதில் சொன்னாள்:

"போற்றுறோம், போற்றுறோம், வா உள்ள. சீக்கிரம் போ, எனக்குக் கால் விறைக்குது."

எங்கள் சமையலறையில் பழைய திறந்த அடுப்பு இன்னும் இருக்கிறது. கட்டையைக் கனலின் மேல் கிடத்தினேன். முதலில் பட்டை வெடித்தது. பிறகு மெழுகு பளபளத்து ஒழுகத் தொடங்கியது. நான் முழங்காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே வைன் கொதிக்கும் சத்தம் கேட்டது. முதலில் முணுமுணுப்பு. பிறகு உஸ்ஸென்று ஒரு சீறல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பூவின் ஊடே ஆவி வழி கண்டுபிடித்து மேலே ஏறும்போது அண்டா இப்படித்தான் சீறும். கீழே நெருப்பு, நடுவே கொதிக்கும் நீர், அதன் மேல் எண்ணெய். ஆவி எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. எங்கள் ஆலை முழுவதும் அந்த விரலளவு துளைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இது வழக்கமாய்ச் செய்வதுதான், நானும் செய்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் அது என்ன என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

மெழுகின் மிச்சம் தெறித்தது. வெள்ளையாய் ஒரு நூல் எழும்பி, உத்தரம் வரை போய், அங்கே விரிந்தது.

ஸ்தோய்னா அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் யோவ்காவைப் பார்த்தேன். அவள் ஸ்தோய்னாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

"வந்துருச்சு."

"நல்லாருக்கா?"

"எனக்கு எங்க தெரியும்? அக்காவப் பாரு."

கல்யாண வீட்டில் வாத்தியக்காரர்களுக்கு முன்னால் உட்கார்ந்த இரண்டு செவிடர்கள் போல நாங்கள் இருந்தோம். அவள் என் தோளில் கை வைத்தாள். "எல்லாத்தையும் ஊத்துனியா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கையை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஸ்தோய்னா அக்கா மூக்கைச் சிந்திவிட்டு மேஜையை விரலால் எண்ணினாள்.

"ஏண்டி யோவ்கா, பதார்த்தம் இரட்டப்படையா நிக்குது, இன்னிக்கு ஒத்தப்படையாத்தான் இருக்கணும். இன்னொண்ணு வேணும்."

"பீப்பாய்லருந்து கோஸ் எடுத்துட்டு வர்றேன்" என்று யோவ்கா கிண்ணத்தோடு வெளியே போனாள். அழுவதற்குத்தான் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

வெகுநேரம் ஆகியும் வரவில்லை. எழுந்து முற்றத்தைத் தாண்டி நிலவறைப் படியில் இறங்கினேன். பாதிப் படியிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸின் தண்ணீரை அடிக் குழாயில் பிடித்து மேலே மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். விட்டால் வழவழத்துச் செத்த எலி மாதிரி நாறும். எப்போது ஊற்ற வேண்டும் என்பது யோவ்காவின் மூக்குக்குத்தான் தெரியும்.

அவள் இருட்டில் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூடி தரையில் கிடந்தது.

"மேல் அடுக்கு கெட்டுப்போச்சு" என்றாள். "நீ மாத்தி ஊத்தவே இல்ல."

"நீ ஊத்துனேன்னுல்ல நெனச்சேன்."

"நான் எத வெச்சு ஊத்துவேன்?"

"சரி விடு. பாத்தா ரொம்பவா கெட்டிருக்கு?"

"இந்த இருட்டுல என்னத்தப் பாக்குறது?"

நான் அடுத்த படியில் கால் வைக்காமல் நின்றேன். மேலே கூரையிலிருந்து பனி ஒரு கட்டியாய்ச் சரிந்து விழுந்தது.

"நாறுது மனுஷா" என்றாள், கோயிலுக்குள் பேசுவது போல. "நாறுது."

அவள் பீப்பாய்க்குள் குனிந்து மறுபடி மூச்சை இழுத்தாள். இருமினாள். இன்னொரு முறை இழுத்தாள். நான் சட்டைக் கையால் மூக்கைப் பொத்தினேன், அவளோ தாகத்தில் தண்ணீர் குடிப்பவள் போல இருந்தாள். பிறகு திரும்பி, என் கழுத்தருகே முகத்தைக் கொண்டுவந்தாள். இத்தனை நாளும் பின்னால் போனவள், இப்போது முன்னால் வந்தாள்.

"புகை" என்றாள். பிறகு, "நீ குளிக்கலையா?"

"கையத் தூக்க முடியல, எப்படிக் குளிக்க?"

அவள் மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு, கை முழுக்க விட்டு, அடியில் கெடாமல் இருந்த கோஸைக் கிண்ணத்தில் எடுத்தாள். "நீ முன்னால போ. உள்ள போய்க் கதவச் சாத்திக்க" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். "என்னடா, பேயடிச்ச மாதிரி வர்ற?" என்றாள் ஸ்தோய்னா அக்கா. நான் அடுப்பைப் பார்த்தேன். கட்டை இன்னும் மெலிதாய்ச் சீறிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"இளைய கடவுளைப் போற்றுறீங்களா?"

யோவ்காவின் குரல். ஸ்தோய்னா அக்கா புருவத்தைத் தூக்கினாள். "ஆம்பள கேக்குறத இவ ஏன் கேக்குறா?"

"போற்றுறோம், போற்றுறோம்" என்றேன். "வா உள்ள."

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வரவில்லை. முழங்கை வரை உப்புத் தண்ணீர் சொட்ட, கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே கண்ணை மூடி நின்றாள். குளிர் உள்ளே புகுந்து மெழுகுவத்தியை ஆட்டியது. கதவைச் சாத்து என்று ஸ்தோய்னா அக்கா கூடச் சொல்லவில்லை.

"மெழுகு" என்றாள் யோவ்கா.

கொஞ்சம் கழித்து, "வைன்."

அவள் உதடு மட்டும் அசைந்தது.

"இன்னும் இருக்கு" என்றாள். "அதுக்குப் பேர் வரல. பெருசா இருக்கு. இந்த வீட்ட விடப் பெருசா இருக்கு. எப்படி உள்ள நிக்குது இது?"

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்குப் புகையும், அவள் கையில் இருந்த கோஸும்தான் தெரிந்தன. அது போதும் என்றிருந்தது.

அவள் உள்ளே வந்து கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். அலமாரியைத் திறந்து, ஓரம் உடைந்த நீலத் தட்டை எடுத்தாள்.

"அக்கா" என்றாள், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."