சோறு கேட்கிற குரல்

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் விநாயகமூர்த்தி வீட்டு பேஸ்மென்டுக்குக் குடிவந்த அன்றே முஹ்ஸினாவும் கணவன் மஸூரும் ஒரு விதி செய்துகொண்டார்கள். மேல்வீட்டார் முன்னால் மலாயில் பேசலாம். ஆனால் எவ்வளவு பயங்கரமான விஷயமானாலும் "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்கிற குரலில்தான் பேச வேண்டும். முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். இலங்கையிலேயே மலாய்க்காரர் ஒரு பிடி. ஸ்காபரோவில் அந்தப் பிடியையும் விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். யாருக்கு விளங்கப் போகிறது?

மறைக்க விஷயம் இருந்தது. ஊரில் மஸூர் துணிக்கடையில் நின்றவன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவன் பொலிஸ் கொன்ஸ்டபிள். வடக்கே ஒரு ஸ்டேசனில் இருந்துவிட்டு, ஒரு நாள் யூனிபோர்மைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தவன். மேலே இருப்பவர்களோ யாழ்ப்பாணத்தார். வீட்டுக்காரரின் மனைவி புனிதவதி அன்ரியின் தம்பியைச் சந்தையில் வைத்துச் சீருடைக்காரர் ஏற்றிக்கொண்டு போய் ஐந்து வருஷம். ஆள் திரும்பவில்லை. விஷயம் வெளியே வந்தால் இந்த ஜனவரிக் குளிரில், ஏழு மாத வயிற்றோடு, முஹ்ஸினா பெட்டியும் கையுமாக ரோட்டில் நிற்க வேண்டியதுதான். மஸூர் வேலை செய்வதும் ஒரு தமிழ்க் கடையில். அந்த வேலையும் போய்விடும்.

அவளுக்குப் பயமெல்லாம் மஸூரின் வாயைப் பற்றித்தான். அவள் கொழும்பு, கொம்பனித்தெரு. சொல்லை வெடுக்கென்று முடித்துவிடுகிற மலாய் அவளுடையது. அவன் தெற்கே கிரிந்தைப் பக்கம். அவனுடைய மலாய் ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். கல்யாணம் முடித்த புதிதில் அவள் கேலி பண்ணிப் பண்ணியே அந்த இழுவையைப் போக்கியிருந்தாள். பயந்தால் மட்டும் அது திரும்பி வரும். அந்த இழுவையில் அவன் ஒரு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

தைப்பொங்கலுக்கு அன்ரி இருவரையும் மேலே கூப்பிட்டாள். மறுக்க முடியவில்லை.

"இது சாமிக்குப் படைக்காதது. உங்களுக்கெண்டு வேறை பானையில பொங்கினனான். யோசியாமல் சாப்பிடுங்கோ" என்று கோப்பையை முன்னால் வைத்தாள். முஹ்ஸினாவுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்காவிட்டால்தான் என்ன?

மேசைக்கு எதிரே சுவரில் புதிதாக ஒரு படம். மீசை அரும்பிய பையன், வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"என்ர தம்பி வாகீசன்" என்றாள் அன்ரி. "படம் போன கிழமைதான் ஊரிலயிருந்து வந்தது. பெருப்பிச்சு மாட்டினனான். மாலை போடமாட்டன். அவன் வருவான்." சொல்லிக்கொண்டே இன்னொரு கோப்பையில் பொங்கல் எடுத்து மூடி ஒரு பக்கத்தில் வைத்தாள். அது அவனுக்கு.

மஸூரின் கரண்டி நின்றுவிட்டது. பிறகு சிரித்தான். சோறு கேட்கிற குரலில் மனைவியிடம் மலாயில் சொன்னான்:

"இந்தப் பையனை எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டேசனில் அடைபட்டிருந்தான்."

முஹ்ஸினாவும் சிரித்தாள். "வாயை மூடு. சாப்பிடு."

அப்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து விநாயகமூர்த்தி அங்கிள் பேசினார். மலாயில். அதே குரலில், அதே சிரிப்போடு, கிரிந்தைக்காரனுக்குக் கொஞ்சமும் குறையாத இழுவையில்.

"உயிரோடு இருந்தானா?"

முஹ்ஸினா கையிலிருந்த தண்ணீரை மேசையில் சிந்திவிட்டாள்.

"பயப்படாதே" என்றார், மலாயிலேயே. "அம்பாந்தோட்டை உப்பளத்தில் கிளார்க்காக இருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் உங்கள் ஆட்கள்தான் என்னைத் தங்கள் பிள்ளை என்று சொல்லி வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். உன் புருஷன் பொலிஸ் என்று, நீங்கள் பேசியதைக் கேட்டு, வந்த மாதமே தெரியும். அந்த வீட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இவன் சொல்லட்டும்."

எல்லாம் தெரிந்துகொண்டே இந்த மனிதர் அவர்களுக்கு ஹீட்டர் திருத்திக் கொடுத்திருக்கிறார்! முஹ்ஸினாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நீ கை வைத்தாயா?" என்றார் அங்கிள்.

"இல்லை." மஸூரின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரலில் மட்டும் பழைய இழுவை வந்துவிட்டது. "தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். விடிய நான் திரும்பவும் போனேன். அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய சேர்ட் வெளியே கிடந்தது. அன்றைக்குத்தான் நான் ஓடினேன்."

உண்மைதான். அந்த இழுவையை அவளுக்குத் தெரியும்.

அங்கிள் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இது இந்த மேசையோடு முடியட்டும். இவள் தாங்கமாட்டாள். நீங்கள் கீழே எப்போதும் போல இருங்கள்."

ஆக, தப்பித்தாயிற்று. வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளை சூட்டில் பிறக்கும். முஹ்ஸினா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவள் மூச்சு விடப் போனாள். மூடி வைத்திருந்த அந்தக் கோப்பை கண்ணில் பட்டது.

"என்ன பாஷையப்பா உது?" என்றாள் புனிதவதி.

"மலாய். உப்பளத்தில பழகினது. சும்மா, சாப்பாட்டுக் கதை" என்றார் அங்கிள்.

"சாப்பாட்டுக் கதையோ?" அன்ரி அகப்பையைக் கீழே வைத்தாள். "மூண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறியள். ஒருத்தரும் ஒரு வாய் வைக்கேல்லை. பிள்ளை, நீ சொல்லு. என்ன கதை?"

அங்கிள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். மஸூர் மேசைக்கடியில் முஹ்ஸினாவின் காலை மிதித்தான். ஒரு பொய் போதும். பொங்கலில் இனிப்புக் கொஞ்சம் கூட என்று சொன்னால் தீர்ந்தது. அடுத்த வருஷமும் அன்ரி ஒரு கோப்பையை மூடி வைப்பாள். அதற்கடுத்த வருஷமும் வைப்பாள். கீழே முஹ்ஸினா தன் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள்.

முடியவில்லை.

"அன்ரி" என்றாள் முஹ்ஸினா. சிரிக்கவில்லை. "இவர் ஊரில பொலிஸ். துணிக்கடை எண்டது பொய். உங்கட தம்பியை இவர் கண்டிருக்கிறார்."

மஸூர் பதறிப்போய் மலாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

புனிதவதி கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். கதிரையை இழுத்து அவனுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"தமிழில சொல்லு, தம்பி."