வாளிக்குள் ஒரு வாய்

ஏழு வருடமாக அக்கா ஒரு வாளிக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். அனிமே தொடர் ஒன்றில், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, வழி கேட்பவர்களுக்கெல்லாம் தப்பான வழி சொல்லும் பாலத்துக் காவல்காரனுக்கு டப்பிங் குரல் அவளுடையது. எபிசோடுக்கு நாலு வசனம். அதில் இரண்டு தும்மல்.

கதாநாயகனுக்குக் குரல் தங்கை. அவளைக் கைப்பிடித்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்ததே அக்காதான். “என் தலையில நானே வாளியைக் கவுத்துக்கிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு வாயோடு சரி. வயிற்றுக்குள் அடுப்பு எரியும்.

இப்போது அந்தத் தொடரிலிருந்து கிளைத்தொடர் ஒன்று வந்தது. அதில் ஓர் எபிசோடு முழுக்க ஓரத்து ஆட்களுக்காம்: வாளித்தலையன், மீனைக் கண்டால் மயங்கி விழும் பூனை, நனையப் பயப்படும் மழைத் தேவதை. நாயகனுக்கு லீவு. அக்கா வீட்டில் தம்பட்டம் அடித்துவிட்டாள். மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். கணவரோ, “ஞாயித்துக்கிழமை எங்க வீட்டம்மா எபிசோடு” என்று அலுவலக நண்பர்களை வீட்டுக்கே அழைத்துவிட்டார். பத்து நாளாக அக்காவின் தொண்டையில் வெந்நீர் மட்டும்தான் இறங்கியது.

ஒலிப்பதிவு அறையில் தாள்களைப் புரட்டினாள். மூன்றாம் நிமிடத்தில், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று நாயகன் நுழைந்தான். கடைசிவரை போகவில்லை. பூனைக்கு ஒரே ஒரு மயக்கம். தேவதைக்கு ஒரு குடை. வாளிக்கு ஐந்து வசனம். இரண்டு வெறும் ‘ம்’.

“லீவு போட்டவன் ஆபீசுக்கு எதுக்கு வந்தான்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எல்லோரும் ‘காது’ என்று கூப்பிடும் ஒலிப்பதிவாளன் தலையைச் சொறிந்தான். “எழுதினவங்களைத்தான் கேக்கணும்க்கா.”

டப்பிங்கில் ஒரு சலுகை உண்டு. வாயசைவு தெரியாத இடத்தில் எதைப் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும். வாளித்தலையனின் வாயை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தங்கை காலையிலேயே தன் பங்கைப் பேசி முடித்து, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனில் அவள் குரல் வந்தது. திரையில் நாயகன் வீராவேசமாகப் பேசி நிறுத்தினான்.

“முடிஞ்சுதுன்னா தள்ளி நில்லு, வாளிக்குள்ள காத்து வரல” என்றாள் அக்கா.

காது சிரித்துவிட்டு அந்த வசனத்தை அப்படியே பதிவில் வைத்துக்கொண்டான். நாயகன் வாளை உருவினான்.

“அதை வெச்சு வெங்காயம் நறுக்கலாம்.”

நாயகன் கண் கலங்கினான்.

“அழுறதுன்னா அந்தாண்ட போய் அழு, பாலம் வழுக்கும்.”

இடைவெளிகள் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தன. தங்கையின் காட்சிகளில் புகுந்து காலை நீட்டி உட்காருவதில் இத்தனை சுகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஏழு வருடம் வீணாகியிருக்காது. பதினான்கு வசனம் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது.

“ஏன் காது, இவன் மூச்சே விடமாட்டேங்கிறானே?”

நாயகர்கள் சும்மா நிற்கும்போதும் ‘ஹ்ம்’, ‘ஹா’ என்று இடத்தை அடைத்துக்கொள்வார்கள். தங்கை அதில் கெட்டிக்காரி.

“சொல்லக் கூடாதுன்னாங்க” என்ற காது, தாங்கமாட்டாமல் காலைப் பதிவின் தொடக்கத்தை ஓட்டினான். தங்கையின் சொந்தக் குரல்: “இந்த மூச்செல்லாம் எனக்கு வேணாம், காலியா விடுங்க. அங்க வாளி பேசும். எங்கக்காவால பேசாம இருக்க முடியாது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ரோஷத்துல வாயே திறக்கமாட்டா.”

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். திருடியதாக நினைத்த பதினான்கும் தானமாம். வயிறு முன்னைவிடப் பலமாக எரிந்தது. நல்ல குரல்தான் அவளுக்குப் போயிற்று என்று பார்த்தால், நல்ல மனசும் அவளுக்கே.

“அழிச்சிடவாக்கா?”

“அழிச்சா உன் காதைத் திருகிடுவேன். கடைசிக் காட்சியைப் போடு.”

நாயகன் பாலத்தில் முதுகைக் காட்டி நின்றான். “நான் எந்தப் பக்கம் போகணும்?” பிறகு பன்னிரண்டு விநாடி அமைதி. வந்த வழியே தொலைந்துபோ என்று ஒரு வசனம் தாளைப் புரட்டியதிலிருந்தே அவள் நாக்கு நுனியில் காத்திருந்தது. அதை விழுங்கினாள்.

“எந்தப் பக்கம் போனாலும் தப்புதான். கொஞ்ச நேரம் இங்கயே நில்லு.”

ஆறு விநாடி மிச்சமிருந்தது. அக்கா பேசவில்லை.

வராந்தாவில் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் ஆளு ஏன்டி மூச்சு விடல?”

“சளிக்கா. மூக்கடைப்பு.”

பொய்யைக்கூட என்ன அழகாகச் சொல்கிறாள். அக்கா வெந்நீர் பிளாஸ்கை அவள் மடியில் வைத்தாள்.

“குடிச்சிட்டு உள்ள போ. கடைசியில ஆறு விநாடி விட்டு வெச்சிருக்கேன், உன் ஆளு மூச்சை அங்க விட்டுட்டு வா. ஆறுதான். ஏழாச்சுன்னா, அங்கயும் நான் பேசுவேன்.”